கேள்வி பதில்: உலக இசைத்தட்டு விற்பனையை எண்ணியது யார்?

அதிகம் விற்ற இசைக் கலைஞர்களைப் பற்றிய எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எனக்குப் பழக்கமானவை விற்பனைச் சான்றிதழ்களும் அவற்றின் விதிகளுமே. யாருடைய இசை உயர்ந்தது என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகள் 100 கோடிக்கு மேல் விற்றன என்று ஓரிடத்திலும் 60 கோடி என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி? இதை எண்ணியது யார்?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: யாரும் எண்ணவில்லை. ஒரு கலைஞரின் விற்பனையைத் தொடக்கம் முதல் உலகம் முழுவதற்கும் சேர்த்து எண்ணி வைத்த அமைப்பு எக்காலத்திலும் இருந்ததில்லை. அமெரிக்காவில் ஆர்.ஐ.ஏ.ஏ., பிரிட்டனில் பி.பி.ஐ., ஜப்பானில் ஆர்.ஐ.ஏ.ஜே. என்று நாட்டுக்கு நாடு இசைத் தொழில் சங்கங்கள் இருக்கின்றன; ஓர் ஆல்பமோ சிங்கிளோ (தனிப்பாடல் வெளியீடோ) குறித்த எண்ணிக்கையைக் கடந்ததும் அவை தங்கம், பிளாட்டினம் என்று சான்றிதழ் வழங்குகின்றன. உலகக் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. 1933-இலேயே தொடங்கப்பட்டதுதான்; ஆனால் அது ஆண்டின் முதன்மைக் கலைஞர் யார் என்று உலக அளவில் கணக்கிட்டு அறிவிப்பது 2013-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான். பீட்டில்ஸ் கலைந்து அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகவே நீங்கள் காணும் எந்த உலக எண்ணிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. பல நாட்டுச் சான்றிதழ்களைக் கூட்டிப் பெறும் தொகை கீழ் அடுக்கு; இசை நிறுவனமோ விளம்பரப் பிரிவோ சொல்லி, பத்திரிகைகள் திருப்பிச் சொல்லும் தொகை மேல் அடுக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்தே ஓர் எண்ணை நம்பலாமா என்று நான் முடிவு செய்கிறேன். பிரிட்டனில் சான்றிதழ் முறை 1973-இலும் ஜப்பானில் 1989-இலும்தான் வந்தது. அதனால் 1960-களின் கலைஞருக்குக் கீழ் அடுக்கு மெலிந்திருப்பது இயல்பு. 2000-க்குப் பிறகு வந்த ஒருவர் 20 கோடி விற்றதாகச் சொல்லி, 8 கோடிக்குத்தான் சான்று காட்ட முடிகிறதென்றால் எனக்கு ஐயம் வரும். பீட்டில்ஸ் ஆல்பங்களுக்கு அமெரிக்காவில் மட்டும் 18 கோடியே 30 லட்சம் அலகுகளுக்குச் சான்று இருக்கிறது. 60 கோடி என்று ஒருவர் எழுதினால் நான் மறுக்க மாட்டேன். 100 கோடி என்று நானே எழுதவும் மாட்டேன்.

கேள்வி: தங்கம், பிளாட்டினம் என்பவை எல்லா நாட்டிலும் ஒரே அளவா?

பதில்: ஒரே அளவு அல்ல, ஒரே நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒரே அளவு அல்ல. அமெரிக்காவில் 1958-இல் தங்கச் சான்றிதழ் தொடங்கியபோது சிங்கிளுக்கு 10 லட்சம் பிரதிகள் என்றும், ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் விலையில் 10 லட்சம் டாலர் விற்பனை என்றும் விதி இருந்தது. அதாவது ஆல்பத்தில் எண்ணப்பட்டது பணம். 1975-இல்தான் குறைந்தது 5 லட்சம் பிரதிகள் என்ற நிபந்தனை சேர்ந்தது. 10 லட்சம் ஆல்பங்களுக்கான பிளாட்டினம் 1976-இலும், பல மடங்கு பிளாட்டினம் 1984-இலும், ஒரு கோடிக்கான வைரம் 1999-இலும் வந்தன. பிரிட்டனில் ஆல்பத்துக்குத் தங்கம் 1 லட்சம், பிளாட்டினம் 3 லட்சம். ஜெர்மனியில் தங்கத்தின் அளவு 2,50,000-இலிருந்து 1999-இல் 1,50,000 ஆகவும் 2003-இல் 1,00,000 ஆகவும் குறைந்தது. எந்த அளவு பொருந்தும் என்பதை ஆல்பம் வெளிவந்த நாள் முடிவு செய்கிறது. இதைக் கவனிக்காமல் "ஜெர்மனியில் ஐந்து தங்கம்" என்று கூட்டுபவர்களின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் தவறிப் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்: கடைக்கு அனுப்பியது விற்றது ஆகாது. அமெரிக்கச் சான்றிதழ் நெடுங்காலம் கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளின் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. 1978 செப்டம்பரில் கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் நான்கு உறுப்பினர்களும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். அனுப்பிய கணக்கில் நான்கும் பிளாட்டினம் பெற்றன. ஆனால் ஏராளமான பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், எல்விஸ், பீட்டில்ஸ், மைக்கேல் ஜாக்சன் மூவரில் முதலிடம் யாருக்கு?

பதில்: அமெரிக்க ஆல்பச் சான்றிதழ்களில் பீட்டில்ஸ். உலக அளவில் என்றால் முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சுப்ரீம்ஸ் குழு 1960-களில் அத்தனை முதலிடப் பாடல்கள் கொடுத்தும், அக்காலத் தங்கச் சான்றிதழ்ப் பட்டியலில் இல்லையே. ஏன்?

பதில்: மிக நல்ல கேள்வி. அமெரிக்காவில் சான்றிதழ் தானாக வருவதில்லை. இசை நிறுவனம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, தன் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கைக்குத் திறந்து காட்ட வேண்டும். சுப்ரீம்ஸின் இசை நிறுவனமான மோட்டவுன் 1970-களின் பிற்பகுதி வரை அதற்கு உடன்படவில்லை. அதனால் அந்நிறுவனத்தின் பெரும் வெற்றிகள் அக்காலப் பட்டியல்களில் காணப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, எல்விஸ் பிரஸ்லி 1977-இல் இறந்தார்; அவருடைய பழைய விற்பனைக் கணக்குகளைத் தேடியெடுத்துத் தணிக்கை செய்த பிறகு 1992 ஆகஸ்டில் 110 சான்றிதழ்கள் ஒரே நேரத்தில் வழங்கப்பட்டன. அந்த மாதத்தில் அத்தனை தட்டுகளும் விற்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: 2018-இல் ஈகிள்ஸ் குழுவின் தொகுப்பு ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தை முந்திவிட்டது. அப்படியானால் உலகில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதானே?

பதில்: அல்ல. அமெரிக்கா உலகமாகாது, இது என் இரண்டாவது நிரந்தர எச்சரிக்கை. 2018 ஆகஸ்டில் ஈகிள்ஸின் 1971–1975 தொகுப்புக்கு 38 மடங்கு பிளாட்டினம் கிடைத்தது, அப்போது 'திரில்லர்' 33 மடங்கில் இருந்தது. இரண்டும் அமெரிக்கக் கணக்குகள். உலக அளவில் 'திரில்லர்' விற்றதாக 6.5 கோடி முதல் 10 கோடிக்கு மேல் வரை பல எண்கள் உலவுகின்றன. அவற்றில் சிறியதை எடுத்துக்கொண்டாலும், அமெரிக்காவுக்கு வெளியே அந்த அளவு விற்காத ஈகிள்ஸ் தொகுப்பு பின்தங்கியே நிற்கிறது.

கேள்வி (அதே அன்பர்): 29 மடங்கிலிருந்து ஒரே நாளில் 38-க்குத் தாவியது எப்படி? ஒரே நாளில் 90 லட்சம் பேர் வாங்கினார்களா? இது மோசடி.

பதில்: 29 மடங்கு என்பது 2006-இல் எடுத்த கணக்கு. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அது புதுப்பிக்கப்படவில்லை. இடையில் விற்ற தட்டுகளோடு, 2016-இல் மாறிய விதியின்படி பாடல் பதிவிறக்கங்களும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் கணக்கில் ஏறின. 'திரில்லர்' கணக்கோ அடிக்கடி புதுப்பிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் 30 மடங்கை எட்டிய முதல் ஆல்பம் அதுதான். ஒன்று படிப்படியாக ஏறியது போலவும் மற்றொன்று தாவியது போலவும் தோன்றுவது விண்ணப்பத் தேதிகளால் வந்த விளைவு. மோசடி என்ற சொல்லுக்கு இங்கே ஆதாரம் இல்லை.

கேள்வி (வேறொருவர்): ஏற்கெனவே வெளிவந்த பாடல்களைத் திரட்டிய தொகுப்பை ஆல்பம் என்று எண்ணுவதே தவறு. அதை நீக்கினால் வழக்கு முடிந்தது.

பதில்: விதியில் அப்படி ஒரு பாகுபாடு இல்லை, வாங்கியவர் காசு கொடுத்து ஓர் ஆல்பத்தை வாங்கினார், அவ்வளவுதான். உங்களுக்குப் பிடிக்காத வகையை நீக்கிவிட்டால் வழக்கு முடியும் என்பது உண்மை, ஆனால் எந்த வழக்கும் அப்படி முடியும். எனினும் ஸ்ட்ரீமிங்கைப் பொறுத்தவரை உங்கள் எதிர்ப்பில் பொருள் இருக்கிறது. 'டேக் இட் ஈஸி' பாடல் 1972-இல் வந்த முதல் ஆல்பத்திலும் இருக்கிறது, இந்தத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒருவர் கைபேசியில் அந்தப் பாடலை மட்டும் கேட்கும்போது அது எந்த ஆல்பத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும்? இசைத்தட்டு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. எடுத்துச் சென்ற உறையில் விடை இருந்தது. தொகுப்பு ஆல்பங்களின் பிற்காலச் சான்றிதழ்களை நான் எச்சரிக்கையோடு படிப்பது இதனால்தான்.

கேள்வி (மீண்டும் முதல் அன்பர்): 'திரில்லர்' ஆல்பத்தின் இசை நிறுவனமான சோனி நாளைக்கே விண்ணப்பித்தால் அது முந்திவிடும் அல்லவா?

பதில்: 2021-இல் புதுப்பித்தபோது அது 34 மடங்கு ஆனது. நாளைய விண்ணப்பத்தைப் பற்றி நாளை பேசலாம். இந்த வழக்கை இத்துடன் மூடுகிறேன். இதே பொருளில் இன்னும் பல கேள்விகள் வந்திருக்கின்றன, அவற்றுக்கும் இதுவே பதில்.

கேள்வி: கடையில் உண்மையில் விற்றதை எண்ணும் முறை எதுவும் இல்லையா?

பதில்: உண்டு. 1991-இல் அமெரிக்காவில் தொடங்கிய சவுண்ட்ஸ்கேன், கல்லாவில் பட்டைக்குறியீடு வருடப்படும்போதே விற்பனையைப் பதிவு செய்தது. அதற்கு முன் பில்போர்டு இதழின் தரவரிசை கடைக்காரர்களைத் தொலைபேசியில் விசாரித்துத் தயாரிக்கப்பட்டது. எது நன்றாகப் போகிறது என்று அவர்கள் சொன்னதே கணக்கு. புதிய முறைக்கு மாறியதும் கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையும் ராப் இசையும் தரவரிசையில் திடீரென்று மேலேறின. அவற்றை வாங்கியவர்கள் முன்பும் இருந்தார்கள், தொலைபேசியில் பேசியவர்களுக்குத்தான் தெரியவில்லை. 1991 செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது.

ஆனால் இதுவும் முழுமையானதன்று. தபால் வழியே தட்டுகள் விற்ற இசைக் கழகங்களின் விற்பனை சவுண்ட்ஸ்கேனில் சேரவில்லை, ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கில் சேர்ந்தது. ஷனாயா ட்வைனின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்துக்குச் சான்றிதழ் 2 கோடி, சவுண்ட்ஸ்கேன் காட்டியது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. இந்த இடைவெளியின் ஒரு பகுதி அந்தக் கழகங்களால் வந்தது. மீதிக்கு என் முதல் எச்சரிக்கையைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பாடல் அமெரிக்காவில் 10 கோடி முறை ஸ்ட்ரீம் ஆனால் பிளாட்டினமா?

பதில்: 150 முறை கேட்டால் ஒரு சிங்கிள் அலகு என்பது ஆர்.ஐ.ஏ.ஏ. விதி. 10 கோடியை 150-ஆல் வகுத்தால் சுமார் 6,67,000 வரும். தங்கம் கிடைக்கும், பிளாட்டினம் கிடைக்காது. ஆல்பத்துக்கு 1,500 முறை கேட்டால் ஓர் அலகு என்பதால் அதே 10 கோடி சுமார் 67,000 ஆல்பங்களுக்குச் சமம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே ஸ்ட்ரீம் பாடலின் சான்றிதழிலும் ஆல்பத்தின் சான்றிதழிலும் எண்ணப்படலாம். இரண்டையும் கூட்டி "மொத்தம் இத்தனை கோடி" என்று பட்டியல் போடுபவர் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுகிறார். இன்றைய கலைஞர்கள் எல்விஸை ஐந்தாண்டுகளில் முந்திவிட்டதாக வரும் பட்டியல்களில் பாதி இந்தக் கூட்டலில் பிறந்தவை. பிரிட்டனின் ஆல்பத் தரவரிசை இதில் சற்றுக் கண்டிப்பானது. ஆல்பத்தில் மிகுதியாகக் கேட்கப்பட்ட இரண்டு பாடல்களின் எண்ணிக்கையை மற்றப் பாடல்களின் சராசரிக்கு இறக்கிவிட்டுத்தான் அங்கே கணக்கிடுகிறார்கள்.

கேள்வி: ஏ. ஆர். ரஹ்மானின் ஆல்பங்கள் பல கோடி விற்றனவாமே. அவர் ஏன் இப்பட்டியல்களில் இல்லை?

பதில்: இந்தியக் கேசட் சந்தை என் துறைக்கு வெளியே இருப்பதால் இரண்டே காரணங்கள் சொல்கிறேன். போலிக் கேசட்டுகள் மலிந்திருந்த சந்தையில், நான் முன்பு சொன்ன கீழ் அடுக்கு வலுவாக உருவாகவில்லை. மேலும் திரைப்படப் பாடல் கேசட்டைப் படத்தின் கணக்கில் எழுதுவதா, இசையமைப்பாளரின் கணக்கிலா, பாடகர்களின் கணக்கிலா என்பதற்கு மேற்கத்தியப் பட்டியல்களில் இடமே இல்லை.

கேள்வி: மைக்கேல் ஜாக்சன் 75 கோடி விற்றாரா? கின்னஸில் இருக்கிறதாமே?

பதில்: அது 2006-இல் விளம்பரம் சார்ந்து பரவிய எண். கின்னஸ் ஒரு பதிவேடு, தணிக்கையாளர் அன்று. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்துக்கு 24 மடங்கு பிளாட்டினம். அப்படியானால் அமெரிக்காவில் 2 கோடியே 40 லட்சம் பேர் அதை வாங்கினார்களா?

பதில்: இல்லை. அது இரட்டைத் தட்டு ஆல்பம், ஆர்.ஐ.ஏ.ஏ. இரண்டு தட்டையும் தனித்தனியே எண்ணுகிறது. ஆகவே 1 கோடியே 20 லட்சம் பிரதிகள். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' ஆல்பத்தின் 23 மடங்கையும் இப்படியே இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.