எஸ்.எஸ்.டி.ஐ., பென்ஷன் இரண்டும் வரும்போது பகுதிநேர வேலைக்குப் போகலாமா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் உடல் இயலாமைக்காக எஸ்.எஸ்.டி.ஐ. என்ற அரசு உதவித்தொகை (வேலை பார்த்தபோது சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவர்களுக்கானது) வாங்குகிறார், பழைய கம்பெனி பென்ஷனும் வருகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போனால் பணம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன உடனே நிற்காது.

பென்ஷனை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். தனியார் கம்பெனி பென்ஷன் எஸ்.எஸ்.டி.ஐ.யைக் குறைக்காது. சம்பளம்தான் கணக்கு.

2025 நிலவரப்படி, மாதச் சம்பளம் 1,160 டாலரைத் தாண்டினால் அது ஒரு சோதனை மாதம், அதாவது வேலை செய்ய முடிகிறதா என்று முயன்று பார்க்கும் மாதம். 60 மாதத்துக்குள் இப்படி 9 மாதம் உண்டு. அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. அவற்றில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுத் தொகை வரும். அது தீர்ந்த பிறகுதான் கெடுபிடி. அடுத்த 36 மாதங்களில், 1,620 டாலரைத் தாண்டும் மாதத்துக்குப் பணம் கிடையாது (பார்வையற்றவர்களுக்கு 2,700). முதல்முறை தாண்டும்போது மட்டும் அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதமும் சலுகையாகப் பணம் வரும்.

பலர் கோட்டை விடுவது பே ஸ்லிப்பில்தான். கைக்கு வருவது 1,500, பிடித்தத்துக்கு முன் 1,700 என்றால், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்ப்பது 1,700. அப்புறம், இயலாமையின் காரணமாக வேலைக்கென்றே செய்யும் மருத்துவச் செலவைக் கழிக்கக் கேட்கலாம். ரசீதுகளைத் தூக்கிப் போட வேண்டாம்.

வாங்குவது எஸ்.எஸ்.ஐ. (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) என்றால் கதையே வேறு. அங்கே பென்ஷனில் முதல் 20 டாலர் போக மீதி அப்படியே உதவித்தொகையில் கழியும். சம்பளத்தில் முதல் 65 டாலர் போக மீதியில் பாதி கழியும்.

எதுவானாலும் வேலையில் சேர்ந்ததும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும்.