ஆசிரியர்களின் தொண்டை: டாக்டர் பதில்கள்

காலையில் குரல் நன்றாக இருக்கிறது. மதியத்துக்குள் கரகரத்துவிடுகிறது. சனி, ஞாயிறு சரியாகி, திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா?
— தொடக்கப்பள்ளி ஆசிரியை, சிவகாசி

வேண்டாம். கிருமித் தொற்று லீவு நாள் பார்த்து விலகாது; இது உழைப்பால் வந்த களைப்பு. பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் விநாடிக்கு சுமார் 200 முறை மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு இது ஏறக்குறைய பாதிதான். இந்தத் தொல்லையோடு ஆசிரியைகள் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். மேலே கடகடக்கும் ஃபேன், பக்கத்து வகுப்பில் ஒப்பிக்கும் வாய்ப்பாடு, இவற்றை மீறிக் கேட்க வேண்டுமே என்று நம்மை அறியாமலே குரலை ஏற்றுகிறோம். ஏற்ற ஏற்ற மோதலும் பலமாகிறது.

மாத்திரைக்குப் பதில், ஸ்பீக்கரை இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் செட் ஒன்று வாங்குங்கள். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குரல் கெட்ட ஆசிரியர்களில் மைக் பயன்படுத்தியவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. குரலைப் பேணுவது பற்றி அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் இல்லை. (அறிவுரை சொல்லியே பிழைக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்!) ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் மைக்கிலும் கத்தாதீர்கள்.

குரல் நாணில் இரண்டு பக்கமும் முடிச்சு இருப்பதாக எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. புற்றுநோயாக மாறுமா? ஆபரேஷன் வேண்டுமா?
— கணித ஆசிரியை, தஞ்சாவூர்

மாறாது. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுகிறதே, அதே சங்கதிதான். முதலில் ஸ்பீச் தெரபி. பெரும்பாலும் அதுவே போதும். பேசும் முறையை மாற்றாமல் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டால் முடிச்சு திரும்ப வரலாம்.

தெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று எளிது. பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, குமிழி வரும்படி மெதுவாக ‘ஊ’ என்று ஒலி எழுப்ப வேண்டும். கழுத்து நரம்பு புடைத்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

தொண்டை கட்டினால் குசுகுசுவென்று பேசி, மிளகுப் பால் குடித்துச் சமாளிக்கிறேன். சரிதானே?
— தமிழாசிரியை, திண்டுக்கல்

பால் சரி, குசுகுசு வேண்டாம். அழுத்திக் குசுகுசுப்பதும் சிரமம்தான். தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசுங்கள், அல்லது பேசாமலே இருங்கள். பால் இதமாக இருக்கும், ஆனால் குரல் நாணைத் தொடாது. அது போவது உணவுக்குழாய்க்கு. நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அடிக்கடி கனைப்பதையும் விடுங்கள். கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காத ஆசிரியைகள் எத்தனையோ பேர்! அதற்கு மருந்துச் சீட்டை நான் தலைமை ஆசிரியருக்குத்தான் எழுத வேண்டும்.

வயது 48, சிகரெட் பழக்கம் உண்டு. இரண்டு மாதமாகக் கரகரப்பு, வலி இல்லை. மைதானத்தில் கத்துவதால்தானே?
— உடற்கல்வி ஆசிரியர், கரூர்

அப்படியும் இருக்கலாம். ஆனால் வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள் சார். குரல்வளைப் புற்றுநோயும் தொடக்கத்தில் வெறும் கரகரப்பாகத்தான் வரும். அப்போதே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். மூன்று வாரம் தாண்டிய கரகரப்பு யாருக்கு இருந்தாலும் காது-மூக்கு-தொண்டை டாக்டர் உள்ளே பார்த்தாக வேண்டும். நீங்கள் இந்த வாரமே போங்கள். சிகரெட்டை இன்றே நிறுத்துங்கள். மைதானத்தில் கத்துவதற்குப் பதில் விசில் ஊதலாம்; அதற்குக் குரல் நாண் தேவையில்லை.