கடைக்கால் சேர்ந்து இருக்கட்டும், சுவர் தனியாக நிற்கட்டும்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வரிசையாக மூன்று ஓட்டு வீடுகள். நடு வீடு எங்களுடையது. ஒவ்வொன்றும் 16 அடி அகலம், 60 அடி நீளம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மூன்று குடும்பமும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைக்கிறோம். இடப்பக்கத்து ஐயா ஓய்வு பெற்றவர், கீழ்த்தளம் மட்டும் போதும் என்கிறார். வலப்பக்கத்து அக்காவின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவருக்கு மாடியும் வேண்டும். நாங்களும் மாடி கட்டுவோம். "சேர்ந்து கட்டினால் வம்பு, நம் வீட்டை நாம் கட்டிக்கொள்வோம்" என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்? இன்னொன்று. அக்கா சமையலறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. முப்பது வருடமாகக் குழம்புக் கிண்ணம் அதன் வழியாகத்தான் போய்வருகிறது. அது போய்விடுமே என்று மனசு கேட்கவில்லை.
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: சேர்ந்தே கட்டுங்கள், சகோதரி. நடு வீட்டுக்காரர் நீங்கள் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஆனால் எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதில் தெளிவு வேண்டும். உங்கள் கணவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

நீங்கள் மட்டும் தனியாக இடித்தால் என்ன ஆகும்? பழைய பொதுச்சுவரில் இரண்டு வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்துப் பாரத்தை எடுத்ததும் அந்தச் சுவர் ஒரு பக்கப் பிடிமானம் இல்லாமல் நிற்கும். அதை ஒட்டிக் கடைக்கால் தோண்டும்போது பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்குக் கீழே மண் சரியும். புதுச்சேரியில் எங்கள் வீடு கட்டியபோது இந்தத் தவறை நாங்களே செய்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கும் அவசரத்தில் பக்கவாட்டுப் பள்ளத்தை ஒரே நாளில் முழு நீளத்துக்கும் தோண்டிவிட்டோம். பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. பணம் கொடுத்துச் சரிசெய்தோம். ஆனால் அந்த வீட்டு அம்மா எங்களிடம் மறுபடி பேச இரண்டு வருடம் ஆனது. அப்படித் தோண்டியே ஆக வேண்டுமென்றால் நாலைந்து அடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகுதான் அடுத்த துண்டைத் தொட வேண்டும்.

மூவரும் சேர்ந்தால் இந்தத் தலைவலி இல்லை. தனியாகக் கட்டும்போது எல்லையில் வரும் பில்லருக்கு அடித்தளத்தைப் பக்கத்து மனைக்குள் நீட்ட முடியாது. பாரம் ஓரத்தில் விழும், அதைச் சமாளிக்க உள்பக்கப் பில்லரோடு பீம் போட்டுக் கட்ட வேண்டும், செலவு கூடும். சேர்ந்து கட்டினால் எல்லைக்கோட்டின் மேல் ஒரே அடித்தளம் போட்டு, அதிலிருந்து உங்களுக்கு ஒரு பில்லர், பக்கத்து வீட்டுக்கு ஒரு பில்லர் எழுப்பலாம். ஐயா இப்போது கீழ்த்தளம் மட்டும் கட்டினாலும் கடைக்கால் மாடிக்கும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். அவர் பக்கம் பாரம் குறைவு, உங்கள் பக்கம் அதிகம் என்பது பொறியாளருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். பின்னால் மாடி எழுப்ப அவர் பில்லரிலிருந்து நீட்டி விடும் கம்பியைக் கடல்காற்றில் சும்மா விடாதீர்கள். மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.

தரைக்கு மேலே பழையபடி பொதுச்சுவர் வேண்டாம். உங்களுக்கு நாலரை அங்குலச் சுவர், அவர்களுக்கு நாலரை அங்குலச் சுவர், நடுவில் ஒரு அங்குல இடைவெளி, அதில் தெர்மாகோல். பாரத்தைப் பில்லர் தாங்குவதால் இந்தக் கனம் போதும். 16 அடி மனையில் இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் வைத்தால் ஒன்றரை அடி போய்விடும். நாளைக்கு யாராவது விற்றாலும் இடித்தாலும் அடுத்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இடைவெளியின் மேல்வாயைத் தகடு வைத்து மூட மறக்காதீர்கள், இல்லையென்றால் கார்த்திகை மழை முழுக்க அதற்குள்தான் இறங்கும்.

ஐயா பக்கம் உங்கள் மாடிச் சுவர் மழைக்கு நேராக நிற்கும். அதை மட்டும் 9 அங்குலமாக வைத்து வெளிப்பூச்சு பூசுங்கள். பூசுவதற்குச் சாரம் அவர் மொட்டை மாடியில்தான் நிற்க வேண்டும், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கட்டும். அந்தச் சுவரில் ஜன்னல் வைக்காதீர்கள். அவரோ அவர் பிள்ளைகளோ ஒருநாள் மாடி எழுப்புவார்கள். காற்றும் வெளிச்சமும் முற்றத்தால் வரட்டும். உங்கள் முற்றமும் அக்கா வீட்டு முற்றமும் எதிரெதிரே ஒட்டி அமைந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய காற்றுவெளி கிடைக்கும். புதுச்சேரி வைசியாள் வீதிக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள் திண்ணையும் தாழ்வாரமும் ஒரே வரிசையில் வைத்து எப்படி அழகாக நிற்கின்றன என்று தெரியும். அந்த வீதியின் புதுப்பிப்புக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

தரைமட்டத்தில் மூவரும் ஒத்துப்போக வேண்டும். 2015 மழையையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேஸ்மட்டம் உயர்ந்து அடுத்தவர் தாழ்ந்தால், தண்ணீர் தாழ்ந்த வீட்டைத் தேடிப் போகும். கான்கிரீட்டுக்கான போர் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

காகித வேலை: வரைபட அனுமதி, மின் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாம் ஆளுக்குத் தனித்தனி. பக்கவாட்டில் இடம் விடாமல் கட்ட உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியில் வருகிறதா என்று மாநகராட்சியில் முதலில் கேளுங்கள். வரவில்லையென்றால் திட்டமே மாறும். சர்வேயரை வைத்து எல்லைக்கல் நட்டபின் ஒரே ஒப்பந்தக்காரர், மூன்று தனிப் பில். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள், வங்கியும் அப்படித்தான் தரும். ஒருவருக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் பேஸ்மட்டம் வரை மூவரும் முடித்துவிட்டு அவர் நிற்கலாம், மற்றவர்கள் தொடரலாம் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கால் எல்லை தாண்டி இருப்பதால் அந்த உடன்படிக்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், வாங்க வருபவரையும் அது கட்டுப்படுத்தும். சிங்கப்பூர்த் தம்பியின் பவர் பத்திரம் வந்த பிறகே இடிக்கத் தொடங்குங்கள். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் தளம் போட்டுவிடலாம்.

அந்தச் சின்ன ஜன்னல். இரண்டு சுவர், நடுவில் இடைவெளி என்றான பிறகு அதை அப்படியே வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் சமையலறை இரண்டு வீட்டிலும் பின்பக்கம்தானே வரப்போகிறது? கொல்லை மதிலில் இரண்டரை அடிக்கு ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்கள். உடன்படிக்கையில் அது ஒருவருக்கொருவர் தரும் அனுமதி, பாதை உரிமை அல்ல என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது. மேஸ்திரி மதில் எழுப்ப ஆரம்பிப்பதற்கு முன்னால் நீங்களும் அக்காவும் நின்று இடத்தைக் காட்டிவிடுங்கள்.