லித்தியம் சாப்பிடுபவருக்கு உப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்காக நான்கு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். வேலைக்கும் ஒழுங்காகப் போய்வருகிறார். இரண்டு வாரமாகக் கை நடுக்கம் கூடிவிட்டது. டம்ளரைப் பிடித்தால் காபி சிந்துகிறது. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு வேறு. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். பிரஷர் இருக்கிறது என்று மாமியார் சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். லித்தியம் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார்கள் வீட்டில். நிறுத்தலாமா? அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?
- வாசகி, வேலூர்

பதில்: சகோதரி, இதைப் படித்தவுடன் அவரை அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த வேளை லித்தியம் வேண்டாம், டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, தூங்கி வழிந்தாலோ 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. லித்தியம் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. லேப் அறிக்கையில் பெரும்பாலானவர்களுக்கு 0.6 முதல் 1.0 வரை இருந்தால் சரி. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு அதற்குக் கீழேயே நஞ்சின் அறிகுறிகள் வரலாம் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பார்க்க வேண்டும். மிக அதிகமாகிவிட்டால் டயாலிசிஸ் வரை போக நேரும்.

இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி கையாள்கிறது. உடலில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சோடியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் உப்பு குறைந்தது, வயிற்றுப்போக்கில் நீர் போனது, டைக்ளோஃபெனாக் லித்தியம் வெளியேறுவதைத் தடுத்தது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. வயிற்றுப்போக்கே கூட லித்தியம் ஏறியதால் வந்திருக்கலாம்.

1940-களில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடை உப்புக்கு மாற்றாக விற்றார்கள். உப்பைத் தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகள் அதை வாங்கிச் சாப்பிட்டுச் சிலர் இறந்தார்கள். 1949-இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனம் கட்டுக்கடங்காமல் கிளர்ச்சியுறும் மேனியா நிலையை லித்தியம் தணிப்பதை வெளியிட்டார். உங்கள் மாமியார் மகன் மேல் உள்ள அக்கறையில்தான் உப்பைக் குறைத்தார்; அவரைக் குறை சொல்லாமல் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். இனி உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எப்போதும் போல ஒரே அளவில் இருக்கட்டும். பிரஷருக்கு மாத்திரை தேவைப்பட்டால், லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். நீர் பிரியவைக்கும் மாத்திரை, ராமிப்ரில், லோசார்டன் போன்றவையும் லித்தியத்தை ஏற்றும். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போதும், டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

சரி, ஒரேயடியாக நிறுத்தலாமா? வீட்டிலேயே முடிவு செய்து நிறுத்தாதீர்கள். இன்று நான் சொன்னது அவசரத்துக்காக ஒரு வேளை தள்ளிவைப்பது; அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை உங்கள் மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். திடீரென்று நிறுத்திய பலருக்கு மேனியா பழையபடி, சில சமயம் முன்பைவிட வேகமாக, திரும்புகிறது. தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் என்று நன்கு நிரூபிக்கப்பட்ட மனநல மருந்துகள் மிகக் குறைவு. அவற்றில் லித்தியம் ஒன்று. நான்கு வருடமாக அவர் வேலைக்குப் போய்வருவதில் இந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. லேசான விரல் நடுக்கம் பலருக்கும் வரும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. டம்ளர் சிந்தும் அளவுக்குக் கூடுவதுதான் எச்சரிக்கை.

இது கட்டுக்குள் வந்தபிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். லித்தியம் அளவுக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். இரவு எட்டுக்குச் சாப்பிட்டால் காலை எட்டுக்கு லேபில் இருங்கள். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்தபிறகு போடலாம். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். தண்ணீர் குடிக்காமல் இருக்கும் விரதங்களை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இதோடு அவர் தூக்கத்தையும் கவனியுங்கள். இரண்டு மூன்று நாள் மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பில்லாமல், பேச்சு வேகமெடுத்து, பணம் தண்ணீராகச் செலவானால் நோய் தலைதூக்குகிறது என்று அர்த்தம். அப்போது வாதாடிப் பலனில்லை. குரலைத் தாழ்த்திப் பேசி, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் மாத்திரையைச் சோற்றில் கலந்து தராதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, நம்பிக்கையும் போய்விடும். மனநலம் பற்றி எந்த நேரத்திலும் பேச டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஆனால் இன்றைக்கு முதலில் மருத்துவமனை.