சூரியனின் இரைச்சல்

அன்புள்ள ஐயா,

நகரியில் டியூஷன் எடுக்கிறேன். சூரியன் ‘ஓம்’ என்று ஒலிப்பதை ரேடியோவில் பிடித்துவிட்டார்கள் என்று வாட்சப்பில் ஒரு வீடியோ வந்தது. இணைத்திருக்கிறேன். நிஜமா? சூரியப் புயலில் எங்கள் ஊர் விசைத்தறி நின்றுவிடுமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

தறி நிற்காது. 1989-ல் கனடாவின் கியூபெக்கில் கரண்ட் போனது உண்மைதான். அது துருவத்தை ஒட்டிய பக்கம். நகரியில் தறியை நிறுத்த மின்வாரியமே போதும்.

வீடியோவைப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. பாடம் சொல்லித் தருகிறவர் இதையெல்லாம் அனுப்பலாமா? ரேடியோ அலை ஒலியே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதைச் சத்தமாக்குவது பெட்டி. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களில் இரைச்சல் புகுந்தபோது ஜெர்மானியர் வேலை என்றே நினைத்தார்கள். திசையை ஒப்பிட்டுப் பார்த்து, சூரியன் என்று சொன்னவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜே. எஸ். ஹே. அவர் காதில் ஓம் விழவில்லை.

புத்தூரில் என் மாமா சிற்றலையில் இலங்கை வானொலி கேட்பார். பட்டப்பகலில் பாட்டு திடீரென்று அமிழ்ந்துபோகும். பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டியதால்தான் பாட்டு திரும்பியது என்று கடைசிவரை நம்பினார், பாவம். சூரியனில் திடீரென்று வெடிக்கும் தீப்பிழம்பின் எக்ஸ் கதிர், மேல்வானத்து அயனி மண்டலத்தின் கீழடுக்கில் எலக்ட்ரான்களைப் பெருக்கிவிட்டால், சிற்றலையை அந்த அடுக்கே விழுங்கிவிடும். அவர் தட்டியதில் சிலவாவது அந்தக் கணக்கில் சேரும்.

சரி, ரேடாரில் புகுந்த அந்தச் சூரிய இரைச்சல் எப்படி வருகிறது? சூடுதான் காரணம் என்று மட்டும் போர்டில் எழுதிவிடாதீர்கள். சூட்டில் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் போக்கில் உமிழும். உங்கள் தெருத் தறிகள் ஆளுக்கொரு நேரத்தில் தட்டுகிற மாதிரி. எல்லாம் ஒரே தாளத்தில் தட்டினால் சுவர் அதிராதா? தீப்பிழம்பில் நடப்பது இதுதான். காந்தப்புலக் கோடுகள் அறுந்து இணையும் இடத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்புகிறது, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில். வேகமானவை முந்திக்கொண்டு போகும். அதனால் வழியில் ஓரிடத்தில் மெதுவானவற்றைவிட வேகமானவை அதிகமாகிவிடும். பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்துகிடக்கும் சூடான வாயு, அந்த உபரி ஆற்றலை வாங்கிக்கொண்டு ஒன்றுசேர்ந்து ஊசலாடத் தொடங்கும். இதுதான் லாங்மியூர் அலை. இந்த அலை அப்படியே தப்பி வராது. அயனி அலைகளோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணிலும், எதிரெதிரே வரும் இரண்டு லாங்மியூர் அலைகள் சேர்ந்தால் இரட்டிப்பிலும் ரேடியோ அலையாக வெளிவரும்.

கற்றை மேலே போகப் போக பிளாஸ்மா நீர்த்துக்கொண்டே போகும். அடர்த்தி கால்வாசியானால் அதிர்வெண் பாதி. அதனால் அதிர்வெண்ணை நேரத்தோடு வரைந்தால், சில நொடிகளில் கோடு சரசரவென்று கீழே இறங்கும். மூன்றாம் வகை வெடிப்பு என்று பெயர். இந்துப்பூர் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்தால் கௌரிபிதனூர். அங்கே வெட்டவெளியில் ஆன்டெனா நட்டு இதைத்தான் பதிகிறார்கள்.

பக்கவாட்டில் நொடி, மேலே மெகாஹெர்ட்ஸ் என்று அச்சு போட்டு வரைந்து காட்டுங்கள். கற்றை சில சமயம் சூரியனை நோக்கிக் கீழேயும் பாயும், அப்போது கோடு ஏறும். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். யாராவது சரியாகச் சொன்னால் எனக்கு எழுதுங்கள்.