செயற்கைக்காலுடன் பைலட் ஆகலாமா? முதலில் கிளாஸ் 1, அப்புறம் ஃபீஸ்

கேள்வி: மகளுக்கு வயது 19. விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்காலுடன் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். பைலட் ஆக ஆசை. கிளாஸ் 2 மெடிக்கல் வாங்கித் தருவதாகவும், அமெரிக்காவில் படிக்க முன்பணம் கட்டும்படியும் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: கட்டாதீர்கள் ஐயா. இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கிளாஸ் 2 என்ற மருத்துவச் சான்று பழகுபவருக்கும் சொந்தமாகப் பறப்பவருக்கும் உரியது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட சிபிஎல் என்ற கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கிளாஸ் 1. முதல் தடவை அதைக் குறிப்பிட்ட சில மையங்களில்தான் பார்ப்பார்கள், பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையம் மாதிரி. கிளாஸ் 2 கையில் இருக்கிறது, ‘மெடிக்கல் முடிந்தது’ என்று பணத்தைக் கட்டிவிட்டு, படிப்பின் நடுவில் கிளாஸ் 1-இல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஏஜென்ட் பொய் சொல்வதில்லை, பாதியைச் சொல்வான். அவ்வளவுதான்.

கால் இல்லாவிட்டால் கூடாது என்று சர்வதேச விதி சொல்லவில்லை. உறுப்பு வேலை செய்கிறதா என்பதே கேள்வி. உங்கள் மகள் விஷயத்தில் சிக்கல் கணுக்காலில். விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரடர் பெடலை முழங்காலாலும் தொடையாலும் தள்ளிவிடலாம்; இரட்டை இன்ஜின் விமானத்தில் வலது இன்ஜின் நின்றால் இடது காலால் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பிரேக்கோ அதே பெடலின் மேல்பகுதியில் இருக்கிறது. பாதத்தை முன்னால் சாய்த்து மிதிக்க வேண்டும். செயற்கைப் பாதம் அதைச் செய்கிறதா? வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. மாறாத குறை என்றால் மருத்துவ அதிகாரி காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. விமானத்தில் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். காட்டினால் ‘சோடா’ (SODA) என்ற, திறமையை நிரூபித்ததற்கான சான்று தருவார்கள். குறை மோசமாகாத வரை அது செல்லும். வழக்கமான மெடிக்கலை மட்டும் புதுப்பிக்க வேண்டும். ஏஜென்ட் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்தச் சான்று இந்தியாவில் உங்களுக்கு உதவாது. அங்கே வாங்கிய லைசென்ஸை இங்கே மாற்ற, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் கிளாஸ் 1 வேண்டும். மறுபடி அதே வாசல்!

இரண்டு கையும் இல்லாத ஜெசிகா காக்ஸ் விமானம் ஓட்டும் வீடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்களே? 2008-இல் அவர் வாங்கியது பொழுதுபோக்குக்கான லைசென்ஸ். ஓட்டியது ரடர் பெடலே இல்லாத எர்கூப் விமானம். அசாத்தியமான பெண்தான், ஆனால் அது வேலைக்கான வழி இல்லை.

ஆகவே கிளாஸ் 2-ஐ ஒழுங்காக எடுங்கள். படிவத்தில் காலைப் பற்றி மறைக்கச் சொன்னால் அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்புங்கள். பொய் பிடிபட்டால் லைசென்ஸே போகும். உடனே கிளாஸ் 1-க்குத் தேதி கேளுங்கள். தேதி கிடைப்பதற்குள் பிள்ளைகளுக்கு வயது ஏறிவிடும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அறுவைசிகிச்சைக் குறிப்பு, செயற்கைக்கால் செய்தவரின் அறிக்கை இரண்டையும் கொண்டுபோங்கள். ‘தகுதியில்லை’ என்று வந்தால் மேல்முறையீடு உண்டு. காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.