ஒரு கிழங்கு 1,850 பவுண்டா? ஸ்னோடிராப் கேள்வி-பதில்

எல்லா ஸ்னோடிராப்பும் வெள்ளைதானே, இதில் அரிய வகை எங்கே வந்தது?

ஸ்னோடிராப் என்பது ஐரோப்பாவில் குளிர்கால முடிவில் கிழங்கிலிருந்து பூக்கும் சிறு வெள்ளைப் பூ. நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். குனிந்து, தொங்கும் பூவை ஒரு விரலால் நிமிர்த்திப் பாருங்கள். வெளியே மூன்று நீள இதழ், உள்ளே மூன்று குட்டை இதழ். சாதாரணப் பூவில் அந்தக் குட்டை இதழில்தான் பச்சைக் குறி இருக்கும். 'டிரிம்' வகையில் வெளி இதழிலும் இருக்கும். 'வெண்டீஸ் கோல்ட்' பூவில் குறியும் மேலே உள்ள சூலகமும் மஞ்சள். பிரிட்டனில் பிப்ரவரி மாதச் சேற்றில் மண்டியிட்டுக் கிடக்கிறார்களே, அவர்கள் தேடுவது இதைத்தான்.

1,850 பவுண்டு கொடுத்து வாங்கினார்களாமே, நிஜமா?

நிஜம்தான். 2022-இல் இபே ஏலத்தில் 'கோல்டன் டியர்ஸ்' அந்த விலைக்குப் போனது. 2015-இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு. என்னைக் கேட்டால், புதிதாக வந்த எதையும் உடனே வாங்காதீர்கள். கிழங்கு பெருகப் பெருக விலை இறங்கும், கொஞ்சம் பொறுத்தால் போதும். முதலில் 'எஸ். ஆர்னாட்', 'மேக்னட்' இரண்டையும் நடுங்கள். விலை அதிகமில்லை, நன்றாகப் பெருகும், வெயில் பட்டால் ஆர்னாட் தேன் மணக்கும்.

மஞ்சள் அடுக்குப்பூ என்று 'லேடி எல்ஃபின்ஸ்டன்' வாங்கினேன், பச்சையாகப் பூத்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இடம் மாற்றினால் இந்த அம்மாள் சில வருடம் இப்படித்தான் கோபித்துக்கொள்வாள். தோண்டாமல் விடுங்கள், மஞ்சள் திரும்பலாம்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு அரிய கிழங்கு. வெட்டிப் பெருக்கலாமா?

ஒன்றே ஒன்று என்றால் வேண்டாம், அது இரண்டு மூன்றாகும்வரை காத்திருங்கள். அப்புறம் கோடையில், இலை காய்ந்து கிழங்கு தூங்கும்போது, கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மேலிருந்து கீழாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் இரண்டிரண்டு செதிலாக (வெங்காயத்தில் இருப்பது போன்ற அடுக்கு) பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் வேர் முளைக்கும் அடித்தட்டில் ஒரு சிறு கீற்றாவது ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லாத செதில் அழுகத்தான் செய்யும். பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, லேசாக ஈரமான வெர்மிகுலைட்டோடு (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) பாலிதீன் பையில் கட்டி, 20 டிகிரி வெப்பத்தில் இருட்டில் வைத்தால் 12 வாரத்தில் செதில்களுக்கு இடையே அரிசி மாதிரி குட்டிக் கிழங்கு தெரியும். பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும்.

துளிர் வரும்போதே சாம்பல் பூத்துச் சுருண்டுவிட்டது.

சாம்பல் பூஞ்சணம். மண்ணோடு அள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அந்த இடத்தில் மறுபடி ஸ்னோடிராப் நடாதீர்கள். இதற்காகத்தான் எந்த வகையையும் இரண்டு இடத்தில் நடச் சொல்வது.

லண்டனிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் அக்காவுக்குத் தபாலில் அனுப்பலாமா?

கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். காட்டிலிருந்து லட்சக்கணக்கில் தோண்டி விற்றதால் ஸ்னோடிராப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அழிவை நோக்கும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. அதற்கான அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அக்காவை அங்கேயே ஒரு நர்சரியில் வாங்கச் சொல்லுங்கள்.